இரைப்பையை எவ்வளவு சின்னதாக்கச் சொல்வது?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 42 வயது. பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். உயரம் 158 சென்டிமீட்டர், எடை 108 கிலோ. ஆறு வருடமாகச் சர்க்கரை உண்டு, மாத்திரை மட்டும்தான். முட்டி வலி, குறட்டை. ராத்திரி படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வரும், ஜெலுசில் குடித்துவிட்டுப் படுப்பேன். டயட், நடைப்பயிற்சி எல்லாம் செய்து பத்து கிலோ குறைத்தேன், பதினைந்து கிலோ ஏறியது. இப்போது இரைப்பையைச் சின்னதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொள்ள முடிவெடுத்துவிட்டோம். சேலத்தில் பார்த்த டாக்டர் 40 சைஸ் குழாய் வைத்து வெட்டுவேன் என்றார். பெங்களூரில் ஒரு இடத்தில் 32 வைப்போம், வயிறு இன்னும் சின்னதாகும், எடையும் நன்றாக இறங்கும் என்று அங்கே வருகிறவர்களுக்கு விவரம் சொல்லும் கவுன்சிலர் சொன்னார். என் நாத்தனாருக்குத் தெரிந்த ஒருவர் ஆபரேஷன் செய்து மூன்று வருடத்தில் குறைந்த எடையில் பாதி திரும்பிவிட்டது. அவருக்கு வயிற்றைப் பெரிதாக விட்டுவிட்டார்கள் என்கிறார்கள். செய்வது ஒரு தடவை. முடிந்தவரை சின்னதாகவே செய்யச் சொல்லலாமா? இதற்குப் பதில் எடை குறைக்கும் ஊசியே போதும் என்றும் சிலர் சொல்கிறார்கள். கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, இன்சூரன்ஸ் இருக்கிறது. மாமியார்தான் 'நல்ல வயிற்றை யாராவது வெட்டுவார்களா' என்று தினமும் புலம்புகிறார்.
– வாசகி, தர்மபுரி மாவட்டம்

பதில்: 'முடிந்தவரை சின்னதாகச் செய்யுங்கள்' என்று எந்த டாக்டரிடமும் சொல்லாதீர்கள். நீங்கள் கேட்டதற்கு நேரடியான பதில் இதுதான். ஆனால் 32, 40 என்ற எண்களைவிடப் பெரிய விஷயம் ஒன்றைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி தொண்டைக்கு ஏறும் அந்தப் புளித்த தண்ணீர். போன இரண்டு இடத்திலும் அதைச் சொன்னீர்களா, அவர்களாவது கேட்டார்களா என்று கடிதத்தில் இல்லை. அதற்கு வருகிறேன். முதலில் குழாய்.

ஸ்லீவ் ஆபரேஷனில் வயிற்றில் நாலைந்து சிறு துளைகள் போட்டு, கேமராவில் பார்த்துக்கொண்டே, இரைப்பையின் இடப்பக்கம் புடைத்திருக்கும் பகுதியை நீளவாக்கில் வெட்டி வெளியே எடுத்துவிடுகிறோம். ஏறக்குறைய முக்கால் பங்கு போய்விடும். ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும் பை, நூறு நூற்றைம்பது மில்லி கொள்ளும் ஒல்லியான குழலாகிவிடும். எந்த அளவுக்கு விட்டு வெட்டுவது என்று தெரிவதற்காக, மயக்கத்தில் இருக்கும்போது வாய் வழியாக ஒரு குழாயை இரைப்பைக்குள் இறக்குவார்கள். அதன் ஓரமாக ஸ்டேப்லரை வைத்து, கீழிருந்து மேலே வெட்டிக்கொண்டு போக வேண்டும். வெட்டுவது, தைப்பது இரண்டையும் ஸ்டேப்லர் சேர்த்தே செய்துவிடும். வேலை முடிந்ததும் குழாயை உருவிவிடுவோம். அது உள்ளேயே தங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய பேர், அதனால் சொல்கிறேன்.

அந்தக் குழாயின் பருமனுக்கு அலகு பிரெஞ்ச். மூன்று பிரெஞ்ச் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். ஆக 32 என்பது 10.7 மில்லிமீட்டர், 40 என்பது 13.3. உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை.

இந்த ஆபரேஷன் ஆரம்பத்தில் தனியாகச் செய்ய உருவானதே இல்லை. மிகவும் பருமனானவர்களுக்குக் குடலையும் மாற்றி அமைக்கும் பெரிய ஆபரேஷன் ஒன்று உண்டு. அதை ஒரே தடவையில் தாங்க மாட்டார்கள் என்பதால் முதல் கட்டமாக இரைப்பையை மட்டும் குறைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் 50, 60 அளவுக் குழாய்களெல்லாம் புழங்கின. முதல் கட்டத்திலேயே பலருக்கு எடை நன்றாக இறங்கவே, இதுவே போதுமே என்று 2000த்துக்குப் பிறகு ஸ்லீவ் தனி ஆபரேஷனாகப் பரவியது. அப்போதிருந்து குழாய் ஒல்லியாகிக்கொண்டே வந்தது. ஒல்லியானால் இன்னும் இறங்கும் என்ற அதே நம்பிக்கைதான், அன்றைக்கு டாக்டர்களுக்கும் இருந்தது.

அப்புறம் கணக்குப் பார்த்தார்கள். இதில் அனுபவம் மிகுந்த சர்ஜன்கள் கூடிப் பேசி 2012இல் வெளியிட்ட கருத்தில் 32 முதல் 36 வரை சரி, அதற்குக் கீழே போனால் சிக்கல் கூடும் என்றார்கள். 2013இல் ஏறக்குறைய பத்தாயிரம் பேரின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், 40ம் அதற்கு மேலும் வைத்தவர்களுக்குத் தையல் கசிவு குறைவாக இருந்தது. மூன்று வருடம் வரை எடை குறைந்ததில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒல்லியான குழாயில் கொஞ்சம் கூடுதலாக இறங்கியது என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு, மறைக்கவில்லை. எப்படிப் பார்த்தாலும் சேலத்து டாக்டர் சொன்ன 40ம் தவறில்லை, பெங்களூரில் சொன்ன 32ம் அத்துமீறல் இல்லை. 32ஐக் காட்டி ஆள் பிடிப்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

குழாய் எண்ணை மட்டும் வைத்து உங்கள் இரைப்பை எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று சொல்லவும் முடியாது. ஒருவர் 32 வைத்துவிட்டு, அதை ஒட்டாமல் சற்றுத் தள்ளி ஸ்டேப்லரைப் பிடிப்பார். இன்னொருவர் 40 வைத்து ஒட்டி இழுத்து வெட்டுவார். இரண்டாமவர் விட்டதுதான் ஒல்லியாக இருக்கக்கூடும். கீழே இரைப்பை முடிந்து குடல் தொடங்கும் இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி வெட்டத் தொடங்குகிறார் என்பது இன்னொன்று. இரண்டு சென்டிமீட்டரிலேயே தொடங்குகிறவர்களும் உண்டு, ஆறு சென்டிமீட்டர் விடுகிறவர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, இரைப்பையின் உச்சியில், மண்ணீரலுக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் மேல்பகுதியை முழுதாக விடுவித்து எடுத்தாரா என்பது. பிற்காலத்தில் விரிந்துகொடுப்பது பெரும்பாலும் அங்கே விட்டுப்போன பாகம்தான். உங்கள் நாத்தனாருக்குத் தெரிந்தவருக்கு ஒருவேளை அங்கே மிச்சம் இருந்திருக்கலாம். அவர் என்ன சாப்பிட்டார், என்ன குடித்தார் என்று தெரியாமல் சர்ஜன் மேல் பழி போட நான் தயாரில்லை.

சரி, ஒல்லியாக்கினால் என்ன கெடுதல்? தையல் வரிசை நீளமானது. கசிவு வந்தால் பெரும்பாலும் மேல்முனையில், உணவுக்குழாய் வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில் வரும். சுருக்கம் விழுந்தால் பெரும்பாலும் நடுவில், இரைப்பை திரும்பும் வளைவில் விழும். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது. சொட்டுநீர்க் குழாயை நடுவில் மிதித்துக்கொண்டு மோட்டாரைப் போட்டால் மேல்பக்கத்தில் பலவீனமான இணைப்பில்தானே பீய்ச்சும்? அதேதான். வளைவில் இறுக்கிவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது, மேலே இருக்கும் தையலில் அது போய் முட்டுகிறது. அழுத்தம் ஏறினால் அமிலமும் மேல்நோக்கித்தான் போகும். கசிவு என்பது நூற்றில் ஒருவர் இருவருக்கு வருவது. ஆனால் வந்தவருக்கு அது வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி வாசம், மறு ஆபரேஷன், கசிவை மூட உள்ளே வைக்கும் ஸ்டென்ட், வயிற்றில் தொங்கும் வடிகுழாய். சுருக்கம் விழுந்தால் தண்ணீர்கூட இறங்காமல் வாந்தி. பலூன் வைத்து விரிக்க வேண்டியிருக்கும். கடைசியில், சாப்பாட்டை நேராகக் குடலுக்குத் திருப்பிவிடும் பைபாஸ் ஆபரேஷனாக மாற்றியவர்களும் இருக்கிறார்கள். மூன்று மில்லிமீட்டருக்காக அந்தப் பக்கம் சாய வேண்டுமா?

எடை குறைவது இடம் குறைவதால் மட்டும் என்றால் நீங்கள் சொல்வதில் நியாயம் இருந்திருக்கும். நாம் எடுத்துவிடும் அந்த மேல்பகுதியில்தான் கிரெலின் என்ற பசி ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. 1999இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். அது குறைவதால் முதல் வருடத்தில் பசியே அடங்கிப்போகிறது. சாப்பாடு வேகமாகக் குடலுக்கு இறங்குவதால் அங்கே சுரக்கும் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் கூடுகின்றன, சர்க்கரை இறங்குவதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. இவை 32 வைத்தாலும் நடக்கும், 40 வைத்தாலும் நடக்கும்.

எவ்வளவு இறங்கும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் ஏமாற்றம் வேண்டாம். உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் எண், 43. ஸ்லீவில் சராசரியாக மொத்த எடையில் 25 முதல் 30 சதவீதம் குறையும். உங்களுக்கு அது 27 முதல் 32 கிலோ. அதாவது ஒன்றரை, இரண்டு வருடத்தில் 76, 80 கிலோ பக்கம் வந்து நிற்பீர்கள். அதற்குப் பிறகு சில கிலோ ஏறுவது கிட்டத்தட்ட எல்லோருக்கும் நடப்பது. 58 கிலோவுக்கு வந்து கல்யாண போட்டோவில் இருந்த மாதிரி ஆகிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தால் அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள். முட்டிக்கு முப்பது கிலோ சுமை குறைகிறது, குறட்டை குறைகிறது, சர்க்கரை மாத்திரை குறைகிறது அல்லது நிற்கிறது. ஆறு வருடச் சர்க்கரை, இன்சுலின் இல்லை என்பதால் உங்களுக்கு அந்த வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. இந்த ஆபரேஷன் உங்களுக்குத் தேவையா என்று கேட்டிருந்தால் ஆமாம் என்றுதான் எழுதியிருப்பேன். 2022இல் திருத்திய சர்வதேச வழிகாட்டுதலில் நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு பிஎம்ஐ 27.5க்கு மேலேயே ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம் என்று இறங்கி வந்துவிட்டார்கள். நீங்கள் அதையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டீர்கள்.

இப்போது புளித்த தண்ணீர். ஸ்லீவ், அமிலம் மேலே ஏறும் தொந்தரவைப் பலருக்குக் கூட்டும். இல்லாதவர்களுக்குப் புதிதாகவும் கொண்டுவரும். பின்லாந்தில் 240 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி பிரித்து, பாதிப் பேருக்கு ஸ்லீவ், மீதிப் பேருக்கு பைபாஸ் செய்து பத்து வருடம் கழித்துப் பார்த்தார்கள். வாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபியில் உணவுக்குழாய் புண்ணாகியிருந்தது ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம், பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம். எடை விஷயத்திலும் பைபாஸ் கொஞ்சம் முன்னால்தான் இருந்தது. தினமும் ராத்திரி ஜெலுசில் குடிக்கும் ஒருவர், இதைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்லீவுக்குத் தேதி வாங்கக் கூடாது. அதிலும் 32 வைத்து இறுக்கச் சொல்லவே கூடாது.

ஆகவே அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது எண்டோஸ்கோபி. தொண்டையை மரக்க வைத்து, வேண்டுமானால் லேசான மயக்கத்தில், பத்து நிமிட வேலை. மூன்று விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். உணவுக்குழாயின் அடியில் புண் இருக்கிறதா, எந்த கிரேடு. உதரவிதானத்துக்கு மேலே இரைப்பை ஏறி நிற்கும் ஹையாட்டஸ் ஹெர்னியா இருக்கிறதா. பாரெட் என்று சொல்லும் மாற்றம், அதாவது அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாயின் உட்சவ்வே மாறிப்போயிருக்கிறதா. அதோடு ஹெச்.பைலோரி கிருமிக்கும் சோதித்துவிடலாம், இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே மருந்து கொடுத்துத் தீர்த்துவிடுவார்கள்.

புண் பெரிதாகவோ பாரெட்டோ இருந்தால் ஸ்லீவ் வேண்டாம், பைபாஸ் பற்றிப் பேசுங்கள். அதில் மேலே முப்பது மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பையைப் பிரித்து, குடலை மேலே கொண்டுவந்து நேராக இணைத்துவிடுவோம். பெரிய இரைப்பை உள்ளேயே இருக்கும், ஆனால் சாப்பாடு அதற்குள் போகாது. அமிலத் தொந்தரவு பெரும்பாலானவர்களுக்கு அடங்கும், சர்க்கரைக்கும் நல்லது. விலை இல்லாமல் இல்லை. இரும்பு, கால்சியம், பி12 உறிஞ்சுவது ஸ்லீவைவிடக் குறையும். முட்டி வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகளை ஆயுசுக்கும் விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் இணைப்பில் புண் வரும். மினி பைபாஸ் என்று ஒன்றை யாராவது சொன்னால், அதில் பித்தநீர் மேலே ஏறும் வாய்ப்பு உண்டு, உங்கள் தொந்தரவுக்கு அது பொருந்துமா என்று தனியாகக் கேளுங்கள். எண்டோஸ்கோபி சுத்தமாக இருந்து, அமில மாத்திரை ஒழுங்காகப் போட்டதில் தொந்தரவும் அடங்கிவிட்டால் ஸ்லீவ் செய்வதில் தவறில்லை. பின்னால் எரிச்சல் வந்தால் பைபாஸாக மாற்றவும் வழி இருக்கிறது. ஆனால் ஸ்லீவில் வெட்டி எடுத்ததைத் திரும்ப வைக்க யாராலும் முடியாது.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது குழாய் சைஸைக் கேட்காதீர்கள். வருடத்துக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறீர்கள், கசிவு வந்ததா, வந்தபோது எங்கே வைத்துச் சமாளித்தீர்கள் என்று கேளுங்கள். நல்ல சர்ஜன் இதற்குக் கோபப்பட மாட்டார். ஒன்றும் வந்ததே இல்லை என்று சொல்கிறவரிடம்தான் எனக்குச் சந்தேகம். கவுன்சிலரிடம் கேட்காதீர்கள், ஆபரேஷன் செய்யப்போகும் ஆளிடமே நேராகக் கேளுங்கள். அவரை ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்க்காமல் அட்வான்ஸ் கட்டாதீர்கள்.

சேலமா பெங்களூரா என்றும் மனதுக்குள் ஓடும். கசிவு பல சமயம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியவரும், முதல் இரண்டு வாரத்துக்குள். காய்ச்சல், நிற்காத நெஞ்சுப் படபடப்பு, இடது தோளில் வலி, மூச்சு வாங்குவது. இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. படுத்திருக்கும்போதே நாடி 120ஐத் தொட்டால், வயிறு வலிக்காவிட்டாலும் கிளம்ப வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குப் பாலக்கோட்டிலிருந்து கார் பிடித்து எங்கே போய்ச் சேர முடியும் என்று கணவரோடு உட்கார்ந்து இப்போதே பேசிவிடுங்கள். பெங்களூரில் செய்வதாக இருந்தால் முதல் பத்து நாள் ஓசூரிலோ அங்கேயே சொந்தக்காரர் வீட்டிலோ தங்குவது நல்லது. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவசரத்தில் போக நேர்ந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுத்து, இரைப்பை வெட்டிய ஆபரேஷன் என்று முதலில் சொல்ல வேண்டும். வாந்திக்கு மூக்கு வழியாகக் குழாய் விடுவது வழக்கம். புதுத் தையல் இருக்கும் வயிற்றில் அதைச் சும்மா விடக் கூடாது. இந்த இரண்டு எண்ணும், சர்ஜனின் செல் நம்பரும் வீட்டில் ஒருவருக்காவது மனப்பாடமாக இருக்கட்டும்: நாடி 120, காய்ச்சல் 101.

சாப்பாட்டுக்கு வருவோம். நம் பக்கத்தில் களியை யாரும் மெல்வதில்லை. உருட்டிக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்குவோம், மென்றால் பெரியவர்கள் சிரிப்பார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு இந்தப் பழக்கம் ஆகாது. மெல்லாத களி உருண்டை அந்த ஒல்லிக் குழலின் வளைவில் போய் நின்றுவிடும். நெஞ்சில் கல் வைத்த மாதிரி வலிக்கும், எச்சில் ஊறி வாந்தியாகும். முதல் இரண்டு வாரம் தண்ணீர் மாதிரியானவை, பிறகு கூழ், கரைத்த பருப்பு, குழைந்த உணவு, ஆறு எட்டு வாரத்தில் சாதாரணச் சாப்பாடு என்று படிப்படியாக வரும். ராகியைக் கூழாகக் கரைத்துக் குடிக்கலாம், களி மூன்று மாதத்துக்கு வேண்டாம். அதற்குப் பிறகும் சுண்டைக்காய் அளவு பிட்டு, மென்று சாப்பிடலாம். மாமியார் சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும்.

தட்டில் முதலில் கை போக வேண்டியது புரதத்தில். தினமும் 60 கிராமாவது வேண்டும். ராகியில் நூறு கிராமுக்கு ஏழு கிராம்தான். முட்டை ஒன்றில் ஆறு. உங்கள் மையத்தில் பிள்ளைகளுக்கு முட்டை எண்ணிக் கொடுக்கிறீர்களே, அதே கணக்கை வீட்டில் உங்களுக்கும் வையுங்கள். கொள்ளு வேகவைத்துக் கடைந்தது, பொட்டுக்கடலை மாவு, தயிர், மீன், கோழி. முதல் சில மாதம் புரதப் பவுடர் இல்லாமல் 60 எட்டாது. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காதீர்கள், அரை மணி நேரம் விட்டு வாய் வாயாகக் குடியுங்கள், நாளுக்கு ஒன்றரை லிட்டர் போக வேண்டும்.

எடை திரும்புவது பெரும்பாலும் இட்லி, சோற்றால் இல்லை. இனிப்பு டீ, மாம்பழ ஜூஸ், ஐஸ்கிரீம், ஒரு வாய் ஒரு வாயாகக் கொறிக்கும் மிக்சர். இவை குழலில் நிற்பதே இல்லை, சரசரவென்று இறங்கிவிடும், வயிறும் நிறையாது. 32 வைத்தாலும் அந்த ஓட்டை அடைபடாது. மே, ஜூனில் நம் ஊரில் வீட்டுக்கு வீடு மாம்பழக் கூடை வந்து இறங்கும். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு துண்டு சாப்பிடுங்கள், யார் வேண்டாம் என்றார்கள். பிழிந்து டம்ளரில் ஊற்றிக் குடிக்காதீர்கள்.

சத்து மாத்திரையும் கால்சியமும் டி வைட்டமினும் ஆயுசுக்கும் உண்டு. பி12, இரும்பு, தைராய்டு, சர்க்கரை முதல் வருடத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு வருடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். மூன்றாவது மாதத்திலிருந்து முடி கொட்டும், பயப்படாதீர்கள், பெரும்பாலும் திரும்ப முளைக்கும். வாரக்கணக்கில் வாந்தி நிற்கவில்லை என்றால் அது 'ஆபரேஷன் செய்தால் அப்படித்தான்' இல்லை. பி1 வைட்டமின் தீர்ந்து பார்வை இரட்டையாகி, நடை தள்ளாடும் நிலைக்குப் போகக்கூடும், உடனே ஊசியாக ஏற்ற வேண்டும். எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் உருவாகும், அதற்கு ஆறு மாதம் மாத்திரை கொடுப்பார்கள், விடாமல் போடுங்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்யவில்லை என்றால் இன்னொன்றும் உண்டு: எடை குறையும்போது கரு தங்கும் வாய்ப்பு கூடும். முதல் ஒன்றரை வருடம் அது கூடாது.

சர்க்கரை மாத்திரை எது என்று நீங்கள் எழுதவில்லை. டாபாக்ளிஃப்ளோசின் மாதிரி 'ஃப்ளோசின்' என்று முடியும் எதுவாவது இருந்தால் ஆபரேஷனுக்கு மூன்று நாளாவது முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஈரல் சுருங்குவதற்காக இரண்டு வாரம் மாவுச்சத்து குறைந்த டயட்டும் கொடுப்பார்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் கூடிவிடும் ஆபத்து உண்டு, சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே. கிளிமிபிரைடு இருந்தால் டயட் தொடங்கும் அன்றே அளவைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். மாத்திரை அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். குறட்டைக்குத் தூக்கப் பரிசோதனையும் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சு நிற்பது இருந்தால் மயக்க மருந்து டாக்டருக்கு முன்பே தெரிய வேண்டும்.

ஊசி விஷயம். மவுஞ்சாரோ என்ற டிர்செபடைட் ஊசி 2025இல் இங்கே வந்தது. பெரிய ஆய்வில் அதன் அதிகபட்ச அளவில் 72 வாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு எடை குறைந்தது. நல்ல மருந்துதான், நானும் எழுதுகிறேன். வாரா வாரம் போட வேண்டும், நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு எடை திரும்ப ஏறும், மாதச் செலவு உண்டு. பிஎம்ஐ 43ல் ஆபரேஷன்தான் நீடித்து நிற்கும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் எண்டோஸ்கோபியில் ஏதாவது வந்து ஆபரேஷன் ஆறு மாதம் தள்ளிப்போனால், அந்த இடைவெளியில் ஊசி போட்டு எடையையும் ஈரல் கொழுப்பையும் குறைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். எண்டோஸ்கோபிக்கோ ஆபரேஷனுக்கோ போகும்போது ஊசி போட்டிருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். வயிறு காலியாக நேரம் ஆகும்.

மாமியாருக்கு ஒரு பதில் சொல்லுங்கள்: பெரிய ஆய்வுகளில் இந்த ஆபரேஷனால் உயிர் போகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்குப் பக்கத்தில், பித்தப்பை ஆபரேஷன் அளவுக்குத்தான். பயப்படுவது தப்பில்லை, அவரையும் அடுத்த தடவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். பின்னால் கூழ் காய்ச்சித் தரப்போவது அவராகத்தான் இருக்கும்.

இன்சூரன்ஸுக்கு: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, பிஎம்ஐ 40ம் அதற்கு மேலும் இருந்தால், அல்லது 35க்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்தடை மாதிரி ஏதாவது இருந்தால், டாக்டர் எழுதிக்கொடுத்த எடைக் குறைப்பு ஆபரேஷனை ஒதுக்க முடியாது. ஆனால் காத்திருப்புக் காலம், தொகை வரம்பு பாலிசிக்குப் பாலிசி மாறும். கம்பெனி குழுக் காப்பீட்டில் இன்னும் வேறு மாதிரி இருக்கும். கணவரை ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். முன் அனுமதிக்கு உயரம், எடை, பிஎம்ஐ, இதுவரை செய்த டயட் முயற்சிகள், சர்க்கரை ரிப்போர்ட் எல்லாம் டாக்டரின் கடிதத்தில் வர வேண்டும். எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டையும் அதோடு சேர்த்து வையுங்கள். அதைப் பார்த்து, ஸ்லீவ் என்று இருந்தது பைபாஸ் என்று மாறினால் அனுமதியும் புதிதாக வாங்க வேண்டியிருக்கும், அதனால் ரிப்போர்ட் வருவதற்கு முன்னால் ஃபார்ம் அனுப்பாதீர்கள்.